இரண்டு மார்க் வாக்கியம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு முதன்முதலில் மனப்பாடமான ஆங்கில வாக்கியம் எது என்று கேட்டால் நான் லீவ் லெட்டரைத்தான் சொல்வேன். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு கம் டு ஸ்கூல்.’ அக்கா கல்யாணத்துக்கு லீவ் போட்டாலும் காய்ச்சல்தான், நோம்பிக்கு ஊருக்குப் போனாலும் காய்ச்சல்தான். அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ ஒரு தடவை எழுதித் தந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதியே கை பழகிவிடும். அந்த வாக்கியத்தின் முதல் பாதி காரணம் சொல்லும் சார்பு வாக்கியம், பின்பாதி செய்தி சொல்லும் முதன்மை வாக்கியம். இலக்கணப்படி அது ‘காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ்’, அதாவது கலவை வாக்கியம். ஐந்தாறு வருடம் இதைத் தவறில்லாமல் எழுதிய பிள்ளை, பத்தாம் வகுப்புக்கு வந்து ‘காம்ப்ளெக்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெளுக்கிறது.

பொதுத்தேர்வு நெருங்கிய மாசி மாதத்தில், தாராபுரத்தில் நண்பர் ஒருவர் நடத்தும் டியூஷனில் சில மாலைகள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி. பிள்ளைகள் மூலனூர், குண்டடம், அலங்கியம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பள்ளிக்கூடம் முடிந்து நேரே இங்கே வந்துவிட்டு, ஊர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஆள் கிடையாது. பத்தாம் வகுப்பில் ஆங்கில வாக்கிய வகைகளை நாம் சொல்லிக்கொடுக்கும் முறை சரிதானா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். அந்த மாலைகளுக்குப் பிறகு சந்தேகம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாள், 100 மார்க். அதில் ஐந்து இலக்கணக் கேள்விகள் கொடுத்து மூன்றுக்கு மட்டும் எழுதச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, நேர்கூற்றை அயற்கூற்றாக்கு, நிறுத்தற்குறி இடு, கலைந்து கிடக்கும் சொற்களை வரிசைப்படுத்து. ஐந்தாவதாக நம் கதாநாயகன்: கொடுத்திருக்கும் வாக்கியத்தைத் தனி வாக்கியமாக மாற்று. இரண்டு மார்க். இதை விட்டுவிட்டு வேறு மூன்றை எழுதினாலும் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் இந்த இரண்டு மார்க்குக்காகச் செலவாகும் சாக்பீஸ் கொஞ்சநஞ்சமல்ல.

நண்பர் போர்டில் ஒரு பட்டியல் எழுதினார். மாநிலம் முழுக்க, ‘மினிமம் மெட்டீரியல்’ என்ற பெயரில் ஜெராக்ஸ் தாள்களாகச் சுற்றும் பட்டியலின் தாராபுரப் பதிப்பு அது. ஸோ-தட் வந்தா டூ-டு போடு. தோ வந்தா இன் ஸ்பைட் ஆஃப். ஆஸ், சின்ஸ், பிகாஸ் வந்தா பீயிங். வென் வந்தா ஆன் போட்டு வினைக்கு ஐஎன்ஜி. இஃப் வந்தா பை. அண்ட் வந்தா ஹேவிங். ஹூ, விச் வந்தா வெட்டு. “என்ன சாமி, எழுதியாச்சா?” என்றார். எழுதியாகிவிட்டது. அடுத்த இருபது நிமிடத்தில் பதினைந்து வாக்கியங்கள் ‘சிம்பிள்’ ஆயின. அர்த்தம் தெரியாத வாக்கியங்களும் அதில் அடக்கம்.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆங்கிலத்தைக் கற்பனையோடு கற்பிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சிரிக்கவும் செய்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. அந்தப் பட்டியலில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலச் செய்தித்தாள் வரும் பிள்ளைக்கும், அம்மா விடிகாலையில் வெங்காயம் அறுக்கவோ திருப்பூர் கம்பெனி வண்டி ஏறவோ போய்விடும் பிள்ளைக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தத் தாளின் வேறெந்தக் கேள்வியும் இவ்வளவு குறைப்பதில்லை. ‘உன் சொந்த நடையில் ஒரு பத்தி எழுது’ என்ற கேள்வி, கேட்பதற்கு ஜனநாயகமாகத் தெரிகிறது. நடைமுறையில் அது வீட்டில் புத்தகம் உள்ளவனுக்குச் சாதகம். ‘தோ வந்தா இன் ஸ்பைட் ஆஃப்’ யாருக்கும் சொந்தமில்லை. விதி தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் இல்லை. ஒரு ஆங்கில வாக்கியத்தைத் தானாகப் பேச முடியாத பையன், இந்தக் கேள்வியில் மட்டும் ஆங்கிலக் கான்வென்ட் பிள்ளைக்குச் சமமாக நிற்கிறான். அவன் முகத்தில் அப்போது தெரியும் தெம்பை நான் பார்த்தேன்.

இன்னொரு பலமும் உண்டு. தனி வாக்கியமா, தொடர் வாக்கியமா, கலவை வாக்கியமா என்று கண்டுபிடிக்கப் பிள்ளை முதலில் வினைச்சொற்களைத் தேடவேண்டியிருக்கிறது. எது முடிந்த வினை, எது முடியாத வினை, எது எதை நம்பி நிற்கிறது என்று பார்க்கவேண்டியிருக்கிறது. நீளமான வாக்கியத்தைக் கண்டு மிரளாமல் அதை மூட்டு மூட்டாகக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் அது. வங்கிப் படிவத்தையும் ஒப்பந்தத்தையும் கோர்ட் நோட்டீஸையும் நாளைக்கு வாசிக்கப்போகிறவனுக்கு இது சின்ன உதவியல்ல. சொல்லிக்கொடுப்பவர் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் இது நடக்கும். பட்டியல் மட்டும் கொடுத்தால் இது நடக்காது, கழற்றாமலேயே மாற்றிவிடலாம்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அன்று போர்டில் இருந்த ஒரு வாக்கியம் நான் படித்த காலத்திலும் இருந்தது, என் அப்பா காலத்திலும் இருந்திருக்கும். ‘தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஹானஸ்ட்.’ அவன் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன். விடை: ‘இன் ஸ்பைட் ஆஃப் பீயிங் புவர், ஹி இஸ் ஹானஸ்ட்.’ முழு மார்க். இந்த வாக்கியத்தைத் தலைமுறை தலைமுறையாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். ‘தோ’ என்ற சொல் அங்கே என்ன செய்கிறது என்று யாரும் நின்று கேட்டதாகத் தெரியவில்லை. ஏழை என்றால் நேர்மை இருக்காது என்று சொல்பவரும் கேட்பவரும் முன்னாலேயே ஒத்துக்கொண்டிருந்தால்தான் ‘இருந்தாலும்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை. மழை பெய்தாலும் வருவேன் என்றால் மழை வருவதற்குத் தடை. அதுபோல ஏழ்மை நேர்மைக்குத் தடை என்கிறது இந்த வாக்கியம். மில்லில் மூட்டை தூக்குகிறவரின் மகன் இதை மூன்று விதமாக மாற்றி ஆறு மார்க்குக்குப் பயிற்சி எடுக்கிறான்.

இதையே திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? ‘அவன் நேர்மையானவனாக இருந்தாலும் ஏழை.’ அதே இரண்டு செய்திகள்தான். ஆனால் இப்போது பழி அவன்மேல் இல்லை, நேர்மையாளனை ஏழையாகவே வைத்திருக்கும் உலகத்தின்மேல் போய்விட்டது. எதை முதன்மை வாக்கியமாக வைக்கிறோம், எதைச் சார்பு வாக்கியமாகத் தாழ்த்துகிறோம் என்பதில்தான் கலவை வாக்கியத்தின் உயிர் இருக்கிறது. சொல்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை அது காட்டிக்கொடுக்கும். கேள்வித்தாளோ இதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதைப்போல நினைக்கிறது.

இரண்டையும் போர்டில் எழுதி நண்பர் காட்டியபோது, முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: “ஏனுங் சார், இது ரெண்டும் ஒண்ணுதானுங்களா?”

“மார்க்குக்கு ஒண்ணுதான் கண்ணு” என்றார் அவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

‘இஃப்’ படும் பாடு இன்னும் மோசம். ‘இஃப் யூ வொர்க் ஹார்ட், யூ வில் பாஸ்’ என்பதைத் தொடர் வாக்கியமாக்கினால் ‘வொர்க் ஹார்ட் அண்ட் யூ வில் பாஸ்’. தனி வாக்கியமாக்கினால் ‘பை வொர்க்கிங் ஹார்ட் யூ வில் பாஸ்’. மூன்றும் ஒன்றென்று புத்தகம் சொல்கிறது. இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். ‘படிச்சீன்னா பாஸாயிருவ.’ ‘படி, பாஸாயிருவ.’ ‘படிச்சுத்தான் பாஸாவ.’ வீட்டில் அம்மா இந்த மூன்றையும் மூன்று வேளையில் சொல்வார். முதலாவதில் சந்தேகம் தொக்கி நிற்கிறது: படிப்பாயா மாட்டாயா தெரியவில்லை. இரண்டாவது கட்டளை, கூடவே வாக்குறுதி. மூன்றாவது வழி சொல்கிறது, குறுக்குவழி இல்லை என்கிறது. எந்தப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் காதில் விழும். ஆங்கிலத்துக்குள் போனதும் காதைக் கழற்றி வைத்துவிடச் சொல்கிறோம்.

வாழ்க்கையில் இது எங்கே உதவும் என்று கேட்பவர்களுக்கு வெகுதூரம் போகவேண்டாம். இந்தப் பிள்ளைகளில் சிலர் டிகிரி முடித்துத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போவார்கள். வெளிநாட்டு பையருக்கு நாள்தோறும் மெயில் எழுதும் வேலை அது. சரக்கு கப்பல் ஏறத் தாமதமாகிவிட்டது, ஆனால் தரம் சரியாக இருக்கிறது. இந்த இரண்டு செய்தியையும் ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டும். ‘தரம் நன்றாக இருந்தாலும் தாமதமாகிவிட்டது’ என்று எழுதினால் பையர் மனதில் தாமதம் நிற்கும், தள்ளுபடி கேட்பார். ‘தாமதமானாலும் தரத்தில் குறையில்லை’ என்று எழுதினால் பேச்சு வேறு திசையில் போக வாய்ப்பிருக்கிறது. ‘தோ’ எந்தப் பாதியின் தலையில் உட்கார்கிறது என்பதில் காசு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இதை இன் ஸ்பைட் ஆஃப் ஆக்கத் தெரிந்தவர்தான் அந்த மெயிலையும் எழுதுகிறார். எந்தப் பாதியில் போடவேண்டும் என்று மட்டும் அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த மாற்றுவேலை எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். வாக்கியத்தைக் கூறு கூறாகப் பிரித்து ஆராயும் முறை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இலக்கணக்காரர் பெக்கரிடமிருந்து இங்கிலாந்துக்குப் போய், மோரெல் என்பவர் 1852-இல் எழுதிய நூல் வழியாகப் பள்ளிகளில் பரவியது. வட இந்தியாவில் கல்வித்துறை அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்கள் 1890-களில் அதை இந்திய வகுப்பறைக்கு உரியதாக்கின. 1930-களின் நடுவில் ரென் அண்ட் மார்ட்டின் வந்து அதை அசைக்க முடியாதபடி உட்காரவைத்தது. அந்த ரென், பம்பாய் மாகாணக் கல்விப் பணியில் இருந்தவர், பாலைவனப் போர்வீரர்களின் சாகச நாவல் எழுதிப் புகழ்பெற்றவர். நாவலில் எவ்வளவு விறுவிறுப்போ அவ்வளவு வறட்சி இலக்கணத்தில். தாராபுரத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உறவு அதற்கும் முந்தியது. 1799-க்குப் பிறகு கம்பெனியார் கொங்குநாட்டை வடக்கு தெற்கு என்று பிரித்து ஆண்டபோது, 1804-இல் கோயமுத்தூர் தலைமையிடம் ஆகும்வரை தெற்குப் பகுதிக் கலெக்டருக்கு இந்த ஊர்தான் இருப்பிடம். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் கலவை வாக்கியத்தில் கரைகண்டவர்கள் என்பதை இங்கே பக்கவாட்டில் சொல்லிவைக்கிறேன். மனுவில் முற்றுப்புள்ளி வருவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

என் முக்கியமான குறை இனிமேல்தான். நாம் கலவை வாக்கியத்தை ஆங்கிலத்திலிருந்து தொடங்கிக் கற்பிக்கிறோம். பிள்ளைக்கு அது ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அந்த மாடிக்குக் கீழே, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பேரனிடம் சொன்னது: “மூலனூர் பஸ் எப்ப வருதுன்னு கேட்டு வந்து சொல்லு கண்ணு.” இதைக் கழற்றிப் பாருங்கள். ‘சொல்லு’ முற்று. ‘கேட்டு’, ‘வந்து’ இரண்டும் வினையெச்சம். ‘எப்ப வருது’ என்பது தன்னளவில் முழுக் கேள்வி, அதை ‘-ன்னு’ என்ற சின்ன ஒட்டு பிடித்து உள்ளே கட்டிவைத்திருக்கிறது. மூன்று அடுக்கு வாக்கியம். அந்த அம்மா ‘சபார்டினேட் கிளாஸ்’ என்ற சொல்லைக் கேட்டதில்லை. (தமிழில் எழுதினால் வகுப்பறைக் கிளாஸும் டீ குடிக்கும் கிளாஸும் இந்தக் கிளாஸும் ஒன்றாகிவிடுவது தனி வேடிக்கை.)

முற்று, எச்சம் என்ற இரண்டு சொற்களைப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படிக்கிறார்கள். தொல்காப்பியத்திலிருந்து வரும் சொற்கள். நன்னூல் எழுதிய பவணந்தியைப் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று உரிமை கொண்டாடுவது கொங்குநாட்டு வழக்கம். அந்த உரிமையை ஆங்கில வகுப்பில் மட்டும் நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஆங்கில இலக்கணம் ‘ஃபைனைட்’ என்று சொல்வது ஏறக்குறைய நம் முற்றுதான், ‘நான்-ஃபைனைட்’ என்பது எச்சத்துக்குப் பக்கத்தில் வரும். ‘ஹேவிங் ஃபினிஷ்டு’ என்பது ‘முடித்துவிட்டு’ அல்லாமல் வேறென்ன? ‘ஹேவிங் போடு’ என்று சொல்வதற்குப் பதில், ‘இரண்டு முற்றில் ஒன்றை எச்சமாக்கு’ என்று சொன்னால் பிள்ளைக்குக் காரணமும் சேர்ந்து புரியும். ஒரே ஸ்டாஃப் ரூமில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முற்றும் ஃபைனைட்டும் மட்டும் சந்தித்துக்கொள்வதில்லை.

அதற்குப் பதில் எதிர்த்திசையில் ஒன்று நடந்திருக்கிறது. தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்ற பாகுபாடு தொல்காப்பியத்திலோ நன்னூலிலோ கிடையாது. ஆங்கில இலக்கணத்தைப் பார்த்து நாம் தமிழுக்குச் செய்துகொண்டது. அதனால் ‘கண்ணன் கடைக்குப் போனான், சர்க்கரை வாங்கினான்’ என்ற தினுசில் தொடர் வாக்கியத்துக்கு எடுத்துக்காட்டு தேடவேண்டியிருக்கிறது. இயல்பாகத் தமிழ் பேசுகிறவர் ‘கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கினான்’ என்று ஒரே முற்றில் முடித்துவிடுவார். ஆங்கிலம் முற்றுகளை ‘அண்ட்’ போட்டுக் கோத்துக்கொண்டே போகும், தமிழ் எச்சங்களை அடுக்கிக் கடைசியில் ஒரு முற்றில் கொண்டுவந்து நிறுத்தும். ஆங்கிலத்தில் இணைப்புச் சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கும்: இஃப், தோ, வென். தமிழில் அது வினையின் வாலில் ஒட்டியிருக்கும்: வந்தால், வந்தாலும், வந்தபோது. ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் பெயருக்கு முன்னால் சொல்வதை ஆங்கிலம் பெயருக்குப் பின்னால் ‘ஹூ’ போட்டு நீட்டும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இந்தப் பெயரெச்ச விஷயம் விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. இவ்வளவு காலமாகியும் அது ஆங்கிலப் பாட நோட்டுக்குள் நுழையவில்லை.

இந்த ஒப்பீட்டைச் செய்திருந்தால் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பலவற்றுக்கு முகவரி கிடைத்திருக்கும். ‘டெல் மீ வேர் இஸ் த பஸ்’ என்று எழுதுகிற பையன் அசட்டையால் எழுதவில்லை. ‘பஸ் எங்கே நிற்கிறது’ என்ற கேள்வியைத் துளியும் மாற்றாமல் ‘என்று’ போட்டு உள்ளே வைக்கத் தமிழ் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ளே வைக்கும்போது சொல் வரிசை மாறவேண்டும், ‘வேர் த பஸ் இஸ்’ என்று ஆகவேண்டும். இது ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம். கேள்வித்தாளில் இதே சங்கதி அயற்கூற்று என்ற வேறு தலைப்பில், வேறு பட்டியலில் கிடக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியக் கட்டமைப்பின் இரண்டு முகங்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது. ‘பிகாஸ் ஐ வாஸ் சிக்.’ என்று முற்றுப்புள்ளி வைத்துத் தனியே விட்டுவிடுவதும் அப்படித்தான். ‘ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை’ என்பது தமிழில் தனியே நிற்கும் வாக்கியம்.

முற்று-எச்சம் பாலம் எல்லா இடத்திலும் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. ‘அவன் ஏழை’ என்பதில் வினையே இல்லை, பெயரே பயனிலையாக நிற்கிறது. முற்றை எண்ணு என்று சொன்னால் பிள்ளை இங்கே திகைக்கும். ஆங்கிலத்தில் ‘இஸ்’ஸை விட்டுவிட்டும் எழுதும். ‘என்று’ போட்டுக் கட்டினால் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முற்று வந்துவிடுகிறது, அந்த அம்மாவின் ‘எப்ப வருதுன்னு’ மாதிரி. பாலத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்துகொண்டு நடப்பதும் படிப்புதான்.

மேல்நிலை வகுப்புகளில் வரும் எஸ்.வி.ஓ.சி.ஏ. வாக்கிய அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று தலைக்கு மேலே எழுத்தை ஒட்டிவிட்டு நகர்கிறார்கள். ஒரு மார்க். அது யாரையும் கெடுத்ததில்லை.

இலக்கணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனையும் நம் மாநிலத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். 1959-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தரக் கிளம்பிய இயக்கத்துக்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர். சிலருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் பலருக்குக் கொடுப்பார்கள், பனிப்பந்துபோல உருண்டு பெருகும் என்ற கணக்கு. அப்போது வந்தது விதியைச் சொல்லாமல் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் முறை. கீழே போகப் போக அதுவும் ‘திருப்பிச் சொல்’ என்ற கோரஸாக மெலியும் அபாயம் அந்தக் கணக்கிலேயே இருந்தது. பிறகு 1979-இலிருந்து ஐந்து வருடம், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணத்தைத் தனியே கற்பிக்காமல், வரைபடம் பார்த்தல், கால அட்டவணை வாசித்தல், கணக்கு விடுவித்தல் மாதிரியான வேலைகளைக் கொடுத்தே ஆங்கிலம் வரவழைக்கப் பார்த்தார். உலகமெங்கும் மொழிக் கல்வி வகுப்புகளில் இன்றும் பேசப்படும் சோதனை அது. 1985-இல் பெரெட்டாவும் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீட்டில், பிரபுவின் பிள்ளைகள் தங்கள் வகைத் தேர்விலும், பழைய முறைப் பிள்ளைகள் இலக்கண அமைப்புத் தேர்விலும் நன்றாகச் செய்ததாகத் தெரிந்தது. எதைச் சொல்லிக்கொடுத்தோமோ அது வந்தது. இரண்டுக்கும் பொதுவான சில தேர்வுகளில் பிரபு பக்கம் கொஞ்சம் சாய்வு.

வெளிநாட்டு ஆய்வுகளையும் இரண்டு பக்கமும் இழுக்கலாம். இலக்கணத்தை எழுத்திலிருந்து பிரித்துக் கற்பித்தால் எழுத்து வளர்வதில்லை, கெடவும்கூடும் என்று 1963-இலேயே அமெரிக்காவில் பிராடாக் குழு சொல்லிவிட்டது. 2007-இல் கிரஹாமும் பெரினும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனி இலக்கணப் பாடத்தின் சராசரி விளைவு -0.32 என்று எதிர்மறையாக வந்தது. அதே தொகுப்பில், சின்ன வாக்கியங்களைச் சேர்த்துப் பெரிய வாக்கியம் அமைக்கும் பயிற்சிக்கு 0.50 என்று நல்ல விளைவு. அவை ஆங்கிலம் சூழ்ந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிய கணக்குகள் என்பதை மறக்கக்கூடாது. குண்டடத்துப் பிள்ளைக்கு விதி சொல்லாமல் விட்டால் காற்றிலிருந்து ஆங்கிலம் வந்து ஒட்டாது. ஆனாலும் அந்த இரண்டு எண்ணும் நம் இரண்டு மார்க் கேள்வியை நேராகத் தொடுகின்றன. நாம் பிள்ளைகளைப் பெரும்பாலும் கலவையிலிருந்து தனிக்குச் சுருக்கத்தான் சொல்கிறோம். எழுதத் தெரியவேண்டியது அதற்கு நேர் எதிர்: துண்டு துண்டாக மனதில் இருப்பதை இணைத்து, எது பெரியது எது சின்னது என்று முடிவுகட்டுவது. அதே தாளில் ஐந்து மார்க் கடிதம் எழுதும்போது பிள்ளைகள் மூன்று மூன்று சொல் வாக்கியமாகத் தந்தி அடிப்பதைப் பார்த்தால், மாற்றத் தெரிந்தது எழுத வரவில்லை என்பது புரியும்.

அப்படியானால் கேள்வியைத் திருப்பிக் கேட்கலாமே என்று நண்பரிடம் சொன்னேன். சூழலைச் சொல்லி இரண்டு செய்தியைக் கொடுத்து, ‘ஹெட்மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க எது பொருந்தும்’ என்று இரண்டு கலவை வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். தேர்ந்தெடுப்பது என்பதால் திருத்துவதும் கஷ்டமில்லை.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “திருத்துற கேம்ப்புல கட்டுக் கட்டாப் பேப்பரு வருமுங்க. கீ ஆன்சர்ல ஒரே ஒரு விடைதான் இருக்கோணும். ‘எனக்கு இதுதான் பொருந்துது’ன்னு ஒரு பிள்ளை வாதம் பண்ணுனா, திருத்துறவர் என்ன பண்ணுவாரு? அப்பறம் அதுக்கும் நாங்க ஒரு பட்டியல் போட்டுருவோம், மன்னிப்பு வந்தா தோ முன்னாடின்னு.” அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதும் தேர்வில் சந்தேகத்துக்கு இடமில்லாத விடை என்பது ஏழைப் பிள்ளைக்கும் ஒரு பாதுகாப்பு. திருத்துகிறவரின் ரசனையை நம்பி அவனை விட்டுவிடக்கூடாது. என் யோசனையில் இருக்கும் பலவீனம் இது, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தேர்வை மாற்ற முடியாவிட்டாலும் வகுப்பில் பத்து நிமிடம் கேட்கலாம் என்பதோடு எங்கள் பேச்சு நின்றது.

கடைசி மாலையில் அவர் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்தார். லீவ் லெட்டர் வாக்கியத்தைப் போர்டில் எழுதி, “இது என்ன சென்டென்ஸ்?” என்றார். நாலைந்து பேர் ‘சிம்பிள்’ என்றார்கள். ரொம்ப நாளாகத் தெரிந்த வாக்கியம், சுலபமாக இருக்கிறது, அப்படியானால் சிம்பிள்தானே. முற்று எத்தனை என்று எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். முன்வரிசைப் பெண்தான் முதலில் ‘காம்ப்ளெக்ஸ்’ என்றாள், தானே நம்பாத குரலில். “சரி, ஆஸ்-ஐ எடுத்துட்டு வேற என்ன போடலாம்னு போட்டுப் பாருங்க. ஆனா என்ன அர்த்தம் வருதுன்னும் சொல்லோணும்.”

பின்பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பையன் வெகுநேரம் யோசித்து ‘தோ’ போட்டான். போட்டதும் பின்பாதியும் மாறவேண்டியிருந்தது. அடித்து எழுதினான்: ‘தோ ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் கமிங் டு ஸ்கூல்.’ வாசித்துக் காட்டச் சொன்னார் நண்பர். எழுந்து நின்று வாசித்தவன் பாதியிலேயே சிரித்துவிட்டான். “சார், இதக் குடுத்தா லீவ் கிடைக்காதுங் சார்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதைத் தனி வாக்கியமாக்கச் சொல்லி நண்பர் கேட்கவில்லை. மூலனூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.